ஒரு மணி நேரத் துக்கம்

எனக்கு வாய் நீளம். பெருமைக்குச் சொல்லவில்லை, ஊரறிந்த விஷயம். வார்டில் எந்தக் கிழவியாவது மருந்து குடிக்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தால் மேட்ரன் என்னைத்தான் அனுப்புவாள். அரைகுறை அரபியும் அரைகுறை இந்தியும் கலந்து நான் பேசுகிற பேச்சில், இவள் தொல்லை விட்டால் போதும் என்று கிழவி மடக்கென்று குடித்துவிடுவாள். அப்படிப்பட்ட நான் வாழ்க்கையில் செய்த உருப்படியான காரியம் எது என்று கேட்டால், எழுபதுகளின் நடுவில் குவைத்தில், ஃபஹாஹீலில் ஒரு வெள்ளிக்கிழமை காலை செருப்பைக் கழற்றிவிட்டு, வாயை மூடிக்கொண்டு, மொசைக் தரையில் உட்கார்ந்திருந்தேனே, அதுதான்.

ஆனால் அதற்கு முந்தின என் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் நான் என்னவோ பெரிய ஞானி என்று நினைத்துக்கொள்வீர்கள்.

நான் தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவள். யூதக் குடும்பம். அப்பா கொச்சியிலிருந்து துறைமுகத்தில் குமாஸ்தா வேலைக்கு வந்தவர். கொச்சியிலிருந்த சொந்தமெல்லாம் ஐம்பதுகளில் கூட்டம் கூட்டமாக இஸ்ரேலுக்குக் கிளம்பியபோது, "எனக்கு இந்த உப்புக் காத்துதான் ஒத்துக்கும்" என்று அவர் மட்டும் இருந்துவிட்டார். நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தேன், மதுரையில் நர்சிங் முடித்தேன். குவைத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பம்பாய் போனபோது ஏஜென்ட் என் பெயரைப் பார்த்தான். பைபிளில் இருக்கிற பெயர்தானே என்று படிவத்தில் கிறிஸ்தவர் என்று எழுதினான். நான் திருத்தவில்லை. நான் ஃபஹாஹீலில் வந்து இறங்கியபோது அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் நடந்த போர் முடிந்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. நான் யார் என்பது அங்கே தெரிந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். கூட இருந்த கிறிஸ்தவப் பெண்கள் பூசைக்குக் கூப்பிட்டால் "எங்க சபை வேற" என்று சொல்லிச் சமாளித்தேன். வாய் நீளமானவளுக்கு ஒரு ரகசியத்தைக் கட்டிக் காப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் ஒரு ரூமுக்கு நாலு பேர். எனக்கு அடுத்த கட்டிலுக்கு வந்து சேர்ந்தாள் அவள். கன்னியாகுமரிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர், கத்தோலிக்கப் பெண், அப்பா கட்டுமரத்தில் மீன் பிடிக்கிறவர். என்னைவிட ஆறு வயது சின்னவள். வந்த அன்றே "எக்கா, எக்கா" என்று ஒட்டிக்கொண்டாள்.

அவள்தான் என்னைக் கண்டுபிடித்தாள். ஒரு வியாழக்கிழமை மீன் சந்தையிலிருந்து நண்டும் இறாலும் வாங்கி வந்து, தேங்காய் அரைத்து, ரூமே மணக்க மணக்கக் குழம்பு வைத்தாள். நண்டும் இறாலும் எங்கள் மார்க்கத்தில் விலக்கு. நான் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சோறு தின்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எறால் தின்னாத தூத்துக்குடிக்காரி உண்டுமாக்கா?" என்றாள். மறுநாள் சாயங்காலம், அலமாரிக் கதவை மறைப்பாக வைத்துக்கொண்டு எங்கள் ஓய்வு நாளுக்காக நான் இரண்டு மெழுகுவத்தி கொளுத்தியதையும் பார்த்துவிட்டாள். இனி மறைத்துப் பிரயோஜனமில்லை என்று மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். "ஏசு சாமியே ஒங்க ஆளுதானக்கா. இதுக்கா இப்பிடி வெறைக்க?" என்று சிரித்தாள். அதன் பிறகு ரூமில் யாராவது நான் ஏன் இறால் தொடுவதில்லை என்று கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் அவளே முந்திக்கொண்டு, "எறால் தின்னா அக்காவுக்கு ஒடம்பெல்லாம் தடிச்சிரும், ஒருக்க கண்ணால கண்டேன்" என்று அடித்துவிடுவாள். பொய் சொல்ல வராத பெண். எனக்காகச் சொன்னாள்.

அவளுடைய அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அண்ணன்தான் கடிதம் எழுதுவான். கடைசியில் அப்பா பெருவிரலை மையில் தொட்டு ஒரு கைநாட்டு வைப்பார், சர்க்கார் காகிதத்துக்கு வைக்கிற மாதிரி அழுத்தமாக. கடிதம் வந்ததும் இவள் முதலில் அதைத்தான் பார்ப்பாள். மை கலங்கியிருந்தால், "மீன் கையத் தொடைக்காம வந்து வச்சிருக்காரு" என்பாள். அவருக்காகக் கடைத்தெருவில் ஒரு மூணு பேட்டரி டார்ச் வாங்கி வைத்திருந்தாள். வாரத்துக்கு ஒருமுறை எடுத்து எரிகிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடியும் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைப்பாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆனபோது, அவளுடைய அண்ணனிடமிருந்து எனக்கே ஒரு கடிதம் வந்தது. அப்பா போய்விட்டார். மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டு வலைக்குப் பக்கத்தில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்து பத்து நாள் ஆகிறது. தங்கச்சியிடம் சொல்ல வேண்டாம். வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இப்போது தெரிந்தால் அழுதுகொண்டு கிளம்பி வந்துவிடுவாள், விசாவும் போய்விடும், நாங்கள் எல்லோரும் அவளை நம்பித்தான் இருக்கிறோம். நிரந்தரம் ஆனதும் நாங்களே சொல்லிக்கொள்கிறோம், அதுவரை அக்காவாக இருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று முடித்திருந்தான். கடிதம் வந்ததை அவளும் பார்த்தாள், உன்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எழுதியிருக்கிறான் என்று மட்டும் சொன்னேன்.

அந்தக் காலத்தில் வளைகுடாவில் இருந்தவர்களுக்கு இந்த வழக்கம் புதிதல்ல. ஊரில் சாவு விழுந்தால் இங்கே இருக்கிற ஆளுக்கு மட்டும் சொல்ல மாட்டார்கள். லீவு வரும்வரை, அக்ரிமென்ட் முடியும்வரை, செத்தவர்கள் கடிதங்களில் நலமாக இருப்பார்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் இதைச் செய்வதில்லை. ரூமில் நம்பிக்கையான ஒருவரைப் பிடித்து விஷயத்தைச் சொல்லி, மறைத்து வைக்கச் சொல்வார்கள். இந்தத் தடவை என்னைப் பிடித்தார்கள்.

எனக்குத் தோதாக எங்கள் மார்க்கத்திலும் ஒரு விதி இருந்தது. சாவுச் செய்தியை நாமாகச் சுமந்துகொண்டு போய்ச் சொல்லியே தீர வேண்டும் என்று கடமை இல்லை. அதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அந்த விதிக்கு ஒரு வால் உண்டு. கேட்டால், செத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று பொய் சொல்லக் கூடாது. அந்த வாலை வசதியாக மறந்துவிட்டேன்.

அடுத்து அவளுக்கு வந்த கடிதத்தில் கைநாட்டு இல்லை. முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "எக்கா, அப்பாவுக்க கைநாட்டக் காணல்ல. அண்ணன் ஒனக்கும் எழுதுனாம்லா, அப்பாவப் பத்தி ஏதாவது போட்டிருந்தானா?"

"கடலுக்குப் போயிருக்காராம்ளா. அவரு வர்றதுக்குள்ள இவன் தபால்ல சேத்துட்டானாம்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. நீள வாய்க்கு அதுதான் கேடு, மூளைக்கு முன்னால் அது போய் நிற்கும்.

சும்மா நன்றாக இருக்கிறார் என்று சொல்லியிருந்தாலும் ஒரு பொய்யோடு போயிருக்கும். நான் அவரைக் கடலுக்கு அனுப்பிவிட்டேன். ஊரில் அது காற்றுக் காலம், கடல் கொந்தளிக்கிற மாதம். மீன்காரர் மகளுக்கு அது தெரியாதா? அன்றிலிருந்து டூட்டி முடிந்ததும் கடற்கரைக்கு நடந்து போய் நின்று ஜெபமாலை சொல்லிவிட்டு வருவாள். "காத்து அடங்கட்டும்னு மாதாட்ட சொல்லிட்டு வாரேன்" என்பாள். நானும் சில நாள் கூடப் போய்ப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஒரு மாதத்துக்கு மேல் இப்படிப் போனது, அதற்குள் அவளுக்கு வேறு கடிதமும் வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்து ஊரான அகமதியில் பூசைக்குப் போன இடத்தில், ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு பெண் இவளைக் கட்டிக்கொண்டு, "ஒங்க அப்பாவுக்க முப்பதாம் நாளு பூசைக்கு நானும் வந்திருந்தேன், நீதான் வர முடியாமப் போச்சு" என்றிருக்கிறாள். அவளுக்கு வேறொன்றும் தெரியாது, பாவம். இவள் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். என் முன்னால் வந்து நின்று என் முகத்தைப் பார்த்தாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை. என் முகமே பதிலைச் சொல்லிவிட்டது போலிருக்கிறது. போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

அதிலிருந்து பேச்சு நின்றுவிட்டது. அழவும் இல்லை. டூட்டிக்குப் போனாள், ஊசி போட்டாள், கட்டு மாற்றினாள், எல்லாம் ஒழுங்காக. ஆனால் ஒரு சொல் கிடையாது. ஷிஃப்ட் மாறும்போது விவரத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டினாள். ஒரு நோயாளி ட்ரிப் குழாயைப் பிடுங்கி எறிந்தபோது, கூப்பிட்டால் நாலு பேர் வந்திருப்பார்கள், இவள் கூப்பிடாமல் தனியாகப் போராடியிருக்கிறாள். மேட்ரனுக்குக் கோபம் வந்துவிட்டது. மேட்ரன் கோவாக்காரி, கெட்டவளல்ல. என்னைக் கூப்பிட்டு, "துக்கம் எனக்கும் புரியும். ஆனா வாய் திறக்காத நர்ஸை வச்சுக்கிட்டு நான் வார்டு நடத்த முடியாது. சனிக்கிழமை காலை டூட்டியில பேசணும். இல்லன்னா கலாஸ், அவ்வளவுதான், ஊருக்கு டிக்கெட் போட்டுடுவேன்" என்றாள். எந்த வேலைக்காக அப்பா செத்ததையே மறைத்தார்களோ, அந்த வேலை இப்போது மறைத்ததாலேயே போகப் பார்த்தது.

ரூமில் எல்லோரும் ஆறுதல் சொன்னோம். ஆறுதல் என்றால் எப்படிப்பட்ட ஆறுதல் தெரியுமா? "வயசானவருதானே." "கஷ்டப்படாமப் போயிட்டாரு, குடுத்து வச்சவரு." "முப்பதும் கழிஞ்சாச்சு, இனி அழுது என்ன ஆகப்போகுது." கூட இருந்த மலையாளப் பெண் தன் மாமா செத்த கதையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். எல்லோரையும்விட அதிகம் பேசியது நான்தான். டீ போட்டுக்கொண்டு போய்ப் பேசினேன், தலை வாரிவிட்டுப் பேசினேன், உன் நல்லதுக்குத்தான் செய்தோம் என்று மூன்று நாள் பேசினேன். அவள் டீயைக் குடிக்கவில்லை.

வியாழக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தபோது "முப்பதும் கழிஞ்சாச்சு" என்று மறுபடியும் யாரோ சொன்னார்கள். அந்த முப்பது என் காதில் வந்து குத்தியது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது இஸ்ரேலிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அப்பாவின் அண்ணன் இறந்து மூன்று மாதம் ஆகிவிட்டதாம். அப்பா அதைப் படித்தார், மடித்தார், செருப்பைக் கழற்றினார், சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். யாரும் பேசவில்லை. கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக ஒரு மணி நேரம் கழித்து எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார். அதுதான் எங்கள் விதி. முப்பது நாளுக்குள் செய்தி வந்தால் ஏழு நாள் உட்கார வேண்டும். முப்பது கழிந்து வந்தால் ஒரு மணி நேரம். ஒரு மணி நேரத்தில் என்ன துக்கம், இதென்ன கஞ்சத்தனம் என்று அப்போது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அப்பாவே இறந்தபோது அக்கம்பக்கத்தார் எல்லோரும் வந்து மாரடித்து அழுதார்கள், அம்மாவைப் பிடித்து உலுக்கி எப்படி நடந்தது என்று கேட்டார்கள். அம்மா கல்லுப்போல இருந்தாள். பிறகு கொச்சியிலிருந்து இரண்டு பெரியவர்கள் பஸ் பிடித்து வந்தார்கள். வணக்கமும் இல்லை, விசாரிப்பும் இல்லை, அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்கள். துக்கத்தில் இருப்பவர் பேசும்வரை வந்தவர் பேசக் கூடாது, துக்கத்தில் இருப்பவர் போதும் என்று தலையசைத்தால் எழுந்துவிட வேண்டும். அதுவும் எங்கள் விதிதான். வெகு நேரம் கழித்து அம்மா, "கருவாடு வேணும்னு கேட்டாரு, நாளைக்கு வாங்குறேன்னு சொல்லிட்டேன்" என்றாள். அப்போது ஆரம்பித்த அழுகை சாயங்காலம்வரை ஓயவில்லை.

துணியை மடித்துக்கொண்டே முடிவு செய்துவிட்டேன். நான் ஒன்றை முடிவு செய்தால் பிறகு தயங்குகிற ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மற்ற இருவரும் வேனில் பூசைக்குப் போனார்கள். அவள் போகவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் செருப்பைக் கழற்றினேன். சாவு வீட்டில் கண்ணாடியை மூடுவது எங்கள் வழக்கம். ஆனால் ரூமில் இருந்த ஒரே கண்ணாடி மலையாளப் பெண்ணுடையது, தொட்டால் வந்து கத்துவாள் என்று விட்டுவிட்டேன். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அலமாரியில் சாய்ந்துகொண்டேன். என் வாயை எனக்குத் தெரியும், அதனால் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையை நாக்குக்கடியில் ஒதுக்கிக்கொண்டேன்.

முதல் கால் மணி நேரம் உயிர் போனது. சொல்வதற்கு என்னிடம் அவ்வளவு இருந்தது. மன்னிச்சிருளா என்று சொல்லலாம். நாளைக்கு வேலை போய்விடும்ளா என்று சொல்லலாம். உன் அண்ணன் மேல் கோபப்படாதே என்று சொல்லலாம். ஒவ்வொன்றும் தொண்டைவரை வரும், கொட்டையைக் கடித்துக்கொள்வேன். கூலர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கால் மரத்துப்போனது. அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. நான் இந்த வாரம் முழுக்கப் பேசியது அவளுக்காக அல்ல, என் குற்றத்தை நான் கேட்காமல் இருப்பதற்காக. அதை ஒப்புக்கொண்டதும் வாய் தானாக அடங்கிவிட்டது.

நாற்பது நிமிஷம் போயிருக்கும். அவள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கடலுக்குப் போயிருக்காருன்னு சொன்னியே."

எக்கா இல்லை. அவள் வாயிலிருந்து எக்கா இல்லாமல் ஒரு வார்த்தை அதுவரை நான் கேட்டதில்லை. பதில்கள் எனக்குள் வரிசையில் நின்றன, எல்லாம் நியாயமானவை. கொட்டையைத் துப்பிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"ஆமா. சொன்னேன். பொய்" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை.

அவள் திரும்பினாள். "செத்த மனுசனுக்கு காத்து அடங்கணும்னு ஜெபிச்சேன். நீயும் பக்கத்துல நின்ன."

"நின்னேன்."

"ஒனக்க ரகசியத்த நான் ஒருத்தருட்டயும் சொல்லாம வச்சிருந்தேன். எனக்க அப்பா செத்தத நீ எனக்கிட்டயே சொல்லாம வச்சிருந்த."

உண்மை. அந்த வாரம் முழுக்க அவள் மேட்ரனிடம் ஒரே ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதி நீட்டியிருந்தால் நான் ஊர் போய்ச் சேர்ந்திருப்பேன். அவ்வளவு கோபத்திலும் அதைச் செய்யவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். தொட்டுத் தேற்ற வேண்டும் என்று கை பரபரத்தது. தொடவில்லை. அவள் கேட்கவில்லையே.

அழுது முடித்து, "அந்தக் கடுதாசி வச்சிருக்கியா?" என்றாள். வைத்திருந்தேன், பெட்டியின் அடியில் விரித்த காகிதத்துக்குக் கீழே. எடுத்து வந்து பழைய இடத்தில் உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் வாசித்தேன். மறைக்கச் சொன்னதையும் வாசித்தேன். அவள் கையை நீட்டி வாங்கி, விரலை வைத்து வரிகளை எண்ணினாள். "அப்பாவுக்கு நாலு வரி. மத்ததெல்லாம் எனக்க வேலைக்கு" என்றாள். கடிதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அன்னைக்குக் கஞ்சிக்கு என்ன கறின்னுகூட எழுதல்ல" என்றாள்.

பிறகு அவளே சொல்ல ஆரம்பித்தாள். நர்சிங் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அப்பாதான் நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போனாராம். பெட்டியைத் தலையில் சுமந்து வந்தாராம். பஸ்ஸில் இவள் பக்கத்து இடம் காலியாக இருந்தும் உட்கார மாட்டேன் என்று கடைசிவரை பின்னால் நின்றுகொண்டே வந்தாராம். "எனக்கிட்ட மீன் வாடை அடிக்கும், புதுத் துணியில ஏறிரும், நீ இரி மக்களேன்னாரு. எனக்கும் அன்னைக்கு வெக்கமாத்தான் இருந்துச்சு. பக்கத்துல வந்து இரியும்பான்னு நான் ஒருவாட்டிகூட சொல்லல்ல." ஒரு வாரமாக இதுதான் நெஞ்சில் கிடந்திருக்கிறது. வயசானவருதானே, குடுத்து வச்சவரு என்று நாங்கள் அதன் மேல் பாயைப் போட்டு மூடிக்கொண்டே இருந்திருக்கிறோம். "நீ சின்னப் புள்ளதானே அப்ப" என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அவள் அதை இரண்டாவது தடவையும் சொன்னாள், மூன்றாவது தடவையும் சொன்னாள். மூன்று தடவையும் கேட்டேன்.

"எதுக்குச் செருப்பக் கழத்திட்டுத் தரையில இருக்க?" என்று கேட்டாள் கடைசியில். விதியைச் சொன்னேன். முப்பது நாள் கழித்து வந்த சாவுச் செய்திக்கு ஒரு மணி நேரம், எத்தனை தாமதமாக வந்தாலும் அந்த ஒரு மணி நேரம் உண்டு என்று சொன்னேன். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மணி பத்தரை. ஒரு மணி நேரம் எப்போதோ கழிந்திருந்தது.

"ஒரு மணிக்கூறா" என்றாள். "வலையில சிக்கெடுக்கவே எங்கப்பாவுக்கு அதுக்கு மேல ஆகும்." கட்டிலை விட்டு இறங்கி எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "ஒங்க விதி முடிஞ்சாலும் நீ எந்திரிக்காத. இரி."

இருந்தேன். பெட்டியைத் திறந்து டார்ச்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவள் பேசினாள். பன்னிரண்டு மணிக்கு வேன் வந்து, மற்ற இருவரும் உள்ளே வந்து எங்களைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். மலையாளப் பெண் ஆறுதல் சொல்ல வாயெடுத்தாள். அவள் கையை உயர்த்தி, "ஒண்ணும் சொல்லாண்டாம். கேக்கணும்னா இரிங்க" என்றாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் குரலைக் கேட்ட அதிர்ச்சியிலேயே இருவரும் பூசைக்குக் கட்டிய புடவையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அப்பாவின் கைநாட்டு, மீன் வாடை, நாகர்கோவில் பஸ், எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. மாமா கதை ஒரு தடவை எட்டிப் பார்த்தது, நான் முறைத்த முறைப்பில் உள்ளே போய்விட்டது. எனக்குப் பசி உயிரை எடுத்தது. இரண்டு மணிக்கு அவள் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். எங்கள் விதிப்படி அதற்கு மேல் உட்காரக் கூடாது. எழுந்துபோய் உலை வைத்தேன்.

சனிக்கிழமை காலை அவள் வார்டில் நின்று, பத்துக் கட்டில் நோயாளிகளின் விவரத்தையும் வாயால் ஒப்பித்தாள். குரல் கம்மியிருந்தது, ஆனால் கடைசிக் கட்டில்வரை கேட்டது. மேட்ரன் எழுதிக்கொண்டாள். அடுத்த மாதம் வேலை நிரந்தரம் ஆனது. என்னோடு பேசினாள், என் கையால் சாப்பிட்டாள், இறாலுக்கு எனக்காகப் பொய்கூடச் சொன்னாள். எக்கா மட்டும் வரவில்லை. "இந்தா", "பாரு", "நீ" என்றே ஓடியது. நான் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற பொருளா அது?

நாலைந்து மாதம் கழித்து எனக்கு மறுபடியும் ஒரு கடிதம் வந்தது. அதே அண்ணன், அதே கையெழுத்து. நின்றபடியே பிரித்தேன். அம்மா வழுக்கி விழுந்துவிட்டாள், இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், தங்கச்சியிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று ஆரம்பித்திருந்தது. மூன்றாவது வரிக்கு மேல் நான் படிக்கவில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு பெண்கள் வார்டுக்குப் போனேன். அவள் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏளா, ஒங்க அண்ணன் எனக்கு எழுதியிருக்கான். ஒன்கிட்டச் சொல்ல வேண்டாம்னு போட்டிருக்கு. இந்தா" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள், கடிதத்தைப் பார்த்தாள். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"எக்கா" என்றாள். "நான் படிச்சு முடிக்க வரைக்கும் பக்கத்துல நில்லு. ஒண்ணும் பேசாத."

நின்றேன்.